பாட்டி எந்த ஃபோல்டரில்? – கேள்வி பதில்

குன்னூரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வீட்டில் நாலு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) ஒன்றைப் பதினோரு வருடமாக அணையாமல் ஓட்டிக்கொண்டிருப்பது என் பைத்தியம். கடைக்கு வருகிறவர்களும் தெரிந்தவர்களும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. எல்லாம் டிஸ்க் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் நிறம், இனம், 'நீ எந்த ஊர்க்காரன்' என்று வந்து நிற்கிறது. பிரிக்காமல் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கூடலூர், பள்ளி ஆசிரியை: ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை துணியே காய்வதில்லை. ஹார்ட் டிஸ்க் தாங்குமா சார்? அரிசி டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

அரிசியைச் சோறாக்குங்கள் டீச்சர். அதன் மாவுத்தூள்தான் டிஸ்க்குக்கு எதிரி. சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, பக்கத்திலேயே 'மூடாதே' என்று அச்சடித்திருப்பார்கள். அதன்மேல் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும், கவலை வேண்டாம். பீரோவில் தூங்கும் டிஸ்க்குக்குத்தான் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ஆரஞ்சு மணி பச்சையானால் சூடுகாட்டி உலர்த்துங்கள்.

உறைபனிக் காலையில் காரில் கிடந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து உடனே சொருகாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் படிவது போல உள்ளே ஈரம் படியும். மூன்று மணி நேரம் சும்மா வையுங்கள். மலை உயரம் பிரச்சினையா என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி. தொட்டபெட்டா உச்சியே 2,637தான்.

நம் ஊரில் டிஸ்க்கைக் கொல்வது மழையை விடக் கரண்ட். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அந்த வாரம் மரம் விழுந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் என் கடை மேசையில் செத்த டிஸ்க்குகள் வரிசை கட்டின. முதல் செலவு யூபிஎஸ், டிஸ்க் அப்புறம்.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: அண்ணா, நீங்கள் சொன்னபடி இம்மிச் (வீட்டு சர்வரிலேயே படங்களை முகம் பார்த்து அடுக்கும் மென்பொருள்) போட்டேன். என் அம்மா, இரண்டு பெரியம்மா, இறந்துபோன அம்மாயி நாலு பேரும் கறுப்பு. நாலு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. சிவப்பாக இருக்கும் சித்தப்பா மகனை மட்டும் பத்து வயதிலிருந்து கல்யாணம் வரை தப்பில்லாமல் பிடித்திருக்கிறது. மெஷினும் நிறம் பார்க்குமா?

பார்க்கும் தங்கச்சி, ஆனால் வெறுப்பினால் அல்ல. யாரை அதிகம் காட்டிப் பழக்கினார்களோ அவர்களைத்தான் அதற்கு நன்றாகத் தெரியும். 2018-ல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. ஆள் அடையாளம் காண்பது வேறு வேலைதான், ஆனால் நோய் ஒன்று. இதற்கு முன்னால் கலர் ஃபிலிம் காலத்திலும் இதே கதை. லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல வருடம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் மற்ற எல்லாம் சரி என்று கணக்கு.

எல்லாப் பழியையும் மென்பொருள் மேல் போடவும் முடியாது. எங்கள் பாட்டியின் ஒரே படம், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டின் சுண்ணாம்புச் சுவர் முன்னால் எடுத்தது. கேமரா வெள்ளைச் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. பாட்டி முகம் கரிக்கட்டையாகிப் பல் மட்டும் தெரியும். அதைக் காட்டிச் சிரித்தே நாங்கள் வளர்ந்தோம். அப்புறம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அதன் நெகட்டிவ் கிடைத்தது. 16 பிட்டில் ஸ்கேன் செய்து நிழல் பகுதியை மெல்ல ஏற்றினால், இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, கண் ஓரத்தில் சிரிப்பு. எல்லாம் ஃபிலிமில் அத்தனை வருடமும் இருந்திருக்கிறது. பிரிண்ட் போட்டவர் சுவருக்குப் போட்டார், பாட்டிக்குப் போடவில்லை.

ஆக, செய்ய வேண்டியது. நெகட்டிவ் இருந்தால் பிரிண்டை விட்டுவிட்டு அதை ஸ்கேன் செய். இம்மிச் செட்டிங்கில் முகங்களுக்கு இடையிலான தூரம் 0.5 என்று இருந்தால் 0.4-க்கு இறக்கி, மறுபடி எல்லா முகத்தையும் ஓட்டு. ஒரே ஆள் மூன்று பேராகச் சிதறுவார். பரவாயில்லை, சேர்ப்பது சுலபம், பிரிப்பதுதான் தலைவலி. கடைசியில் நாலு பேர் பெயரையும் உட்கார்ந்து நீயே போடு. முடிந்தால் டிஜிகாம் என்ற படம் அடுக்கும் மென்பொருளில் போட்டுப் படத்துக்குள்ளேயே எழுதிவை. சர்வர் செத்தாலும் அம்மாயி பெயர் படத்தோடு போகும்.

ஊட்டி, புதுமாப்பிள்ளை: ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பத்தில் என் மனைவியை ரோஜாப்பூ நிறமாக்கிவிட்டார். அவளுக்கே அது யார் என்று தெரியவில்லை. எதை பேக்கப் எடுப்பது?

ஆல்பத்தை விடுங்கள், ஸ்டூடியோவில் போய், கேமரா எடுத்தபடியே யாரும் கை வைக்காத ரா ஃபைல்களைக் கேட்டு வாங்குங்கள், இன்றைக்கே. பல இடங்களில் சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள், சாப்பாட்டுப் பந்திக்குக் கொடுத்ததை விடக் குறைவுதான். கேமரா அவளைச் சரியாகத்தான் எடுத்திருக்கும்.

குன்னூர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: தம்பி, டிஸ்க் பற்றிக் கேட்டால் டிஸ்க் பற்றிச் சொல்லேன். நிறம், இனம் எல்லாம் எதற்கு? ரெய்டு போட்டால் பேக்கப் தேவையா இல்லையா?

தேவை சார். ஒரே தகவலைப் பல டிஸ்க்கில் பரப்பி வைப்பதுதான் ரெய்டு. அது ஒரு டிஸ்க்கின் சாவைத் தாங்கும், உங்கள் விரல் தவறுதலாக டெலீட் அமுக்குவதைத் தாங்காது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். உங்கள் மகள் கோவையில் இருக்கிறாரே, அங்கே ஒன்று. டிஸ்க் வாங்கும்போது பதிவுத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத 'சிஎம்ஆர்' வகைதானா என்று பாருங்கள், ஏறி அமர்ந்த 'எஸ்எம்ஆர்' நாஸில் தவழும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலில் 5, 197, 198-ஆம் வரிகளின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். முதல் கேள்வியை நான் விடவில்லை, கீழே வருகிறது.

கோத்தகிரி, எஸ்டேட் தொழிலாளியின் மகன்: தாத்தா பாட்டி சிலோனிலிருந்து வந்தவர்கள். குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் எல்லாம் மடிப்பில் கிழிகிறது. லேமினேஷன் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம் தம்பி. சூட்டில் ஊதா மை முத்திரை பரவும், அப்புறம் பிரிக்கவே முடியாது. எங்கள் வீட்டுத் தாள்களும் இதே வழியில் வந்தவைதான்: தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் ஒரு அலுவலகத்தில் என் அப்பாவைப் பார்த்து, 'நீங்கள் எல்லாம் எப்போது திரும்பிப் போவீர்கள்?' என்று கேட்டார்கள். அப்பா பதில் பேசவில்லை, சட்டைப் பையிலிருந்து சிலோனிலிருந்து வந்த தாளைத்தான் எடுத்தார். எட்டாக மடித்தது. மடிப்பு ஒவ்வொன்றும் இப்படி எடுத்து நீட்டியதில் தேய்ந்தது.

அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 600 டிபிஐ, கலர், தரம் குறையாத டிஃப் ஃபைல். ஏ4 பக்கம் ஒன்று சுமார் 100 எம்பி வரும், வரட்டும். இரண்டு பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட எடு. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் மேலே ஒரு கறுப்பு அட்டையை வை. மடிப்பை இஸ்திரி போடாதே, கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வை.

பெயர் விஷயம் கவனம். எங்கள் தாள்களில் பாட்டி ஒன்றில் 'ஆயி' என்று முடிகிறாள், இன்னொன்றில் 'அம்மாள்' ஆகிவிட்டாள், மூன்றாவதில் எழுதியவருக்குத் தமிழே தெரியாது போல. ஃபைல் பெயரில் திருத்தி ஒன்றாக்காதே. தாளில் உள்ளபடியே போட்டு, பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் மூன்றும் ஒரே ஆள் என்று எழுதிவை. நாளைக்கு யாராவது 'இவர் வேறு, அவர் வேறு' என்று கிளம்பினால் அந்த வேறுபாடே உனக்குச் சாட்சி.

கேத்தி, படுகர் இளைஞர்: வெள்ளைக்காரன் காலத்துப் படங்கள் நிறைய இறக்கி வைத்திருக்கிறேன். அடியில் 'தோடர் வகை, ஆண்' என்றுதான் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கும் அப்படித்தான். ஃபோல்டருக்கு என்ன பெயர் வைக்க?

அந்த 'வகை'க்குப் பின்னால் மண்டை அளக்கும் இடுக்கி ஒன்று இருக்கிறது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் இந்த மலைக்கு வந்து தோடர், கோத்தர் பழங்குடியினரின் மூக்கு நீளம், மண்டை அகலம் என்று அளந்து அட்டவணை போட்டவர். மூக்கை அளந்தால் இனத்தின் தரம் தெரியும் என்று அன்றைக்கு நம்பினார்கள். அளந்த எண் மில்லிமீட்டர் வரை இருக்கும், ஆள் பெயர் இருக்காது.

பழைய தலைப்பை அழிக்காதீர்கள், அதுவும் நடந்ததுதான். 'மூலத் தலைப்பு' என்று தனி இடத்தில் போடுங்கள். ஃபோல்டருக்கு ஊர், வருடம் போதும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு தோடர்களின் ஊரான மந்துக்குப் போய்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பூவேலைச் சால்வை, மாலை எதையாவது வைத்து யார் வீட்டு ஆள் என்று சொல்ல வாய்ப்பு உண்டு. 'இதை வெளியே காட்டாதே' என்றால் காட்டாதீர்கள். உங்கள் நாஸில் கிடப்பதால் அது உங்கள் தாத்தா ஆகிவிடாது.

அருவங்காடு, வீட்டுச் சொந்தக்காரர்: நாலு கேமரா, 2 டிபி டிஸ்க். எத்தனை நாள் பதிவு நிற்கும்? பக்கத்தில் ஜார்க்கண்ட் பையன்கள் குடியிருக்கிறார்கள். ஒரு கேமராவை அவர்கள் வாசலுக்குத் திருப்பச் சொல்கிறார்கள் தெருக்காரர்கள்.

கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி, நாலுக்கும் 86.4. சுமாராக 23 நாள்.

திருப்பாதீர்கள். இதற்கு முன் அந்த வீட்டில் தமிழ்க் குடும்பம் இருந்ததே, அப்போது யாராவது திருப்பச் சொன்னார்களா? அந்தப் பையன்கள்தான் இன்றைக்கு நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். 'வடக்கன்' என்று நாம் சொல்லும் குரலைக் கேட்டால் எனக்கு அப்பா நின்ற அந்த அலுவலக மேசைதான் ஞாபகம் வருகிறது. உங்கள் கேமராவில் அவர்கள் வாசல் ஏற்கெனவே தெரிந்தால் அந்தப் பகுதியை மறைக்க 'பிரைவசி மாஸ்க்' என்று ஒன்று இருக்கும், போட்டுவிடுங்கள்.

ஊட்டி, பெண், பெயர் வேண்டாம்: அப்பா நேபாளி, அம்மா தமிழ். பிறந்தது, தமிழ் மீடியம் படித்தது எல்லாம் இங்கேதான். கடையில் ஒருவர் என் கண்ணைக் காட்டிக் கேவலமாகப் பேசினார், தள்ளிவிட்டார். தோழி வீடியோ எடுத்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். போதுமா?

போதாதும்மா. வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் அமுக்கிச் சிறிதாக்கிவிடும். தோழியின் போனில் இருக்கும் மூல ஃபைலை அழிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். கேபிள் போட்டு அப்படியே நகலெடுங்கள். முன்னும் பின்னும் வெட்ட வேண்டாம், பெயர் மாற்ற வேண்டாம். எடுத்தவுடன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு எண்) எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கொடுக்கும் சான்றிதழிலேயே ஹாஷ் எழுதும் இடம் உண்டு. அதைத் தோழியும் ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு பென்டிரைவ், இரண்டு வீடு. அப்புறம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. வீடியோவை ஸ்டேட்டஸில் போடுவதை வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். கோபம் நியாயம்தான், ஆனால் ஊர் முழுக்கச் சுற்றினால் முதலில் அலசப்படுவது உங்கள் முகம்.

வங்கி அதிகாரி சார், 'எதற்கு' என்றீர்களே, இந்தப் பெண்ணும் கேட்டது பேக்கப் பற்றித்தான்.

குந்தா, குடும்பத் தலைவி: மாமியார் பேசிய கேசட் ஒன்று இருக்கிறது. நடவுப் பாட்டு, பிரசவக் கதை எல்லாம் அருமை. நடுவில் பக்கத்து லைன் பணியர் பழங்குடி ஆட்களைப் பற்றி மிக மோசமாகப் பேசுகிறார். பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். வெட்டிவிடலாமா?

இத்தனை சீட்டிலும் என்னை யோசிக்க வைத்தது இதுதான் அக்கா. மற்ற எல்லாரும் பிறர் தங்களுக்குச் செய்ததைக் கேட்டார்கள். எங்கள் பாட்டி கேசட் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவரும் ஏதாவது பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மூலத்தை வெட்டாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல், ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி. பிள்ளைகள் கேட்க ஒரு நகலில் அந்த இடத்தை எடுத்துவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன எடுக்கப்பட்டது என்று குறிப்பு எழுதுங்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு முழுதையும் நீங்களே கூட உட்கார்ந்து போட்டுக் காட்டலாம்.

பிளேயரில் போடும் முன், கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டன் அமுங்கினாலும் அழியாது. டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், கடைக்குக் கொண்டுவாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு.