ஷீல்டில் சீசர் வாசகம் பொறிக்கலாமா?

கேள்வி: எங்கள் வாலிபால் அணி இந்த வருடம் ஐந்து செட் ஆடி ஃபைனலை ஜெயித்தது. ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ என்பதை ‘வேனி, வீடி, வீசி’ என்று லத்தீனிலேயே ஷீல்டில் பொறிக்க ஆசை. எகிப்தை ஜெயித்தபோது சீசர் சொன்னது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வாசகத்தை நம்பலாம், எகிப்துக் கதையை நம்ப வேண்டாம். பொது அறிவுக் கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்துப் பரப்பும் தப்புகளில் இது ஒன்று. அதிலிருந்தே கேள்வி எடுத்துத் தேர்வும் வைத்துவிடுகிறார்கள், கேட்பாரில்லை.

சீசர் எகிப்துச் சண்டையை முடித்துவிட்டுத்தான் வடக்கே கிளம்பினார். முந்தைய வருடம் ரோமானியத் தளபதி கால்வினஸைத் தோற்கடித்த கருங்கடல் ஓரத்துப் போன்டஸ் நாட்டு மன்னன் இரண்டாம் ஃபார்னசிஸோடு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. கி.மு. 47 ஆகஸ்டில், இன்றைய துருக்கியில் உள்ள சேலாவில் மோதினார்கள். சீசரின் ஆட்கள் மேட்டில் பாசறைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபார்னசிஸின் படை பள்ளத்தில் இறங்கி, இவர்கள் இருந்த மேட்டில் ஏறி வந்தது. இப்படியும் ஒருவன் வருவானா என்று சீசர் சிரித்தாராம். அரிவாள் கட்டிய தேர்கள் வந்து விழுந்ததும் சிரிப்பு நின்றது. ஆனாலும் மேட்டில் நின்றவர்களே ஜெயித்தார்கள். வந்து சேர்ந்த ஐந்து நாளுக்குள், எதிரியைக் கண்ட நான்கு மணி நேரத்தில் கதை முடிந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ்.

ரோமில் இருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த மூன்று சொற்களும் வந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளுடார்க் சொல்கிறார். வெற்றி ஊர்வலத்தில் பலகையில் எழுதித் தூக்கிப் போனதாக ஸ்வெட்டோனியஸ். எதுவானாலும் பெருமை வேகத்துக்குத்தான். மூன்று செட்டில் முடித்திருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஐந்து செட் கொஞ்சம் இடிக்கும். ஜெயித்தவர்கள் நீங்கள், போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது ஒரே ஆள் பேசுவது. கேப்டன் பெயரில் தனிக் கோப்பை என்றால் அப்படியே இருக்கட்டும். அணிக்கு என்றால் ‘வந்தோம், கண்டோம், வென்றோம்’ என்று வர வேண்டும். அதற்கு மூன்று சொல்லின் முடிவிலும் ‘எம், யூ, எஸ்’ என்ற எழுத்துகளைச் சேர்த்தால் போதும்: வேனிமுஸ், வீடிமுஸ், வீசிமுஸ். 1683-இல் வியன்னாவைக் காப்பாற்றிய போலந்து மன்னர் சோபியெஸ்கியும் போப்பாண்டவருக்கு எழுதும்போது பன்மையில்தான் தொடங்கினார்: ‘வந்தோம், கண்டோம், கடவுள் வென்றார்.’ பயிற்சியாளரையும் சேர்த்துக்கொண்டாலும் பன்மைதான். ஒற்றையர் ஆட்டம் என்றால் மட்டும் ஒருமை.

அப்புறம், கடைக்காரர் விஷயம். ‘லத்தீன் வேலை’ என்று தனிக் கட்டணம் கேட்பார், கொடுக்காதீர்கள்; அவரும் கூகுளில்தான் தேடுகிறார். மூன்று சொல்லும் ‘வி’ (V) எழுத்தில் தொடங்கும். முதல் சொல்லில் அடுத்த எழுத்து ‘ஈ’ (E), மற்ற இரண்டிலும் ‘ஐ’ (I). மூன்றிலும் ‘ஐ’ போட்டுக் கெடுப்பதுதான் வழக்கம். எழுத்தைத் தாளில் அச்செடுத்து வாங்கி, நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை முழுப் பணமும் கொடுக்க வேண்டாம்.