ஓவியம் போலவே தோன்றும் புகைப்படங்களை எடுத்த பழைய காலக் கலைஞர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

லெயோனார் மிசோன். பெல்ஜியத்துக்காரர். 1870இல் ஷார்லெருவா பக்கத்தில் உள்ள ஜில்லியில் பிறந்து, 1943இல் அதே ஊரில் இறந்தார்.

சுற்றுவட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள். இவரும் லூவன் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல்தான் படித்தார். ஆனால் பொறியாளராக வேலைக்கே போகவில்லை. வீட்டில் வசதி இருந்தது, போகாமல் இருக்க முடிந்தது. மாணவராக இருந்தபோதே, 1891 வாக்கில், கேமராவைக் கையில் எடுத்தவர் கடைசிவரை அதை விடவில்லை. படங்களில் சுரங்கத்தையும் கரியையும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஆட்டு மந்தை, மரங்கள் வரிசைகட்டிய மண்சாலை, மழை நனைத்த தெரு, பனிமூட்டம், இவைதான் அவருடைய உலகம். பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கோரோவின் பெயரைச் சேர்த்து 'புகைப்படத்தின் கோரோ' என்றே அவரை அழைத்தார்கள்.

அந்த ஓவியத்தன்மை எப்படி வந்தது? அவர் கையாண்ட முறைகளில் ஒன்று புரோமாயில். சாதாரண புரோமைடு பிரின்ட்டை, அதாவது வெள்ளி உப்பு பூசிய தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை, ரசாயனக் கரைசலில் போட்டால் வெள்ளியால் ஆன உருவம் வெளுத்துவிடும். கூடவே, உருவம் கறுப்பாக இருந்த இடங்களில், தாளின் மேலே பூச்சாக இருக்கும் ஜெலட்டின் என்ற பசை இறுகிப்போகும். அப்புறம் தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால், இறுகாத இடங்கள் நீரை உறிஞ்சி உப்பும். இப்போது எண்ணெய் மையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒத்தி எடுக்க வேண்டும். இறுகிய இடத்தில் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. எங்கே அடர்த்தி கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பதெல்லாம் கை முடிவுசெய்வது. அதனால் ஒரே நெகட்டிவிலிருந்து வரும் இரண்டு பிரின்ட்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. பிரான்சில் உருவான, நிறமித் தூளால் படத்தை அச்சிடும் ஃப்ரெசோன் முறையிலும் நிறைய அச்சிட்டார். 1930களில் மீடியோப்ரோம் என்று தானே ஒரு முறையை உருவாக்கினார்.

'எல்லாம் இருட்டறை வேலை, அந்தக் காலத்து ஃபோட்டோஷாப்' என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்றுதானே நமக்கெல்லாம் முதல் பாடம் சொல்லித் தருகிறார்கள்? மிசோன் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு எதிரே நின்றுதான் எடுத்தார். அதனால்தான் அந்த ஆடுகளின் முதுகில் வெள்ளிச் சரிகைபோல ஒரு விளிம்பு ஓடுகிறது, நனைந்த தெருக்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. எடுக்கும்போது அந்த ஒளி இல்லாவிட்டால், எத்தனை பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் பின்னால் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920களிலேயே கூர்மையான, நேரடியான புகைப்படம்தான் நவீனம் என்று உலகம் திரும்பிவிட்டது. மிசோன் திரும்பவில்லை. பிடிவாதம் என்றும் சொல்லலாம். சில படங்கள் எனக்கே கொஞ்சம் அதிக இனிப்பாகத்தான் தெரிகின்றன, முக்கியமாகக் கிராமத்துக் காட்சிகள். புதிதாகப் பார்ப்பவர்கள் அவருடைய மழைத்தெருப் படங்களிலிருந்து தொடங்குங்கள்.