காம்பியாவில் பேக்கேஜ் பயணிகளின் கைச்செலவு: கேள்வி பதில்

கேள்வி: விமானம், விடுதி, உணவு அனைத்துக்கும் புறப்படும் முன்பே பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா போன்ற சிறிய நாட்டுக்கு என்ன மிஞ்சும்?

பதில்: 1965இல் சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஹார்டிங் முந்நூறு பேரை அழைத்து வந்த நாளிலிருந்து அங்கே பேக்கேஜ் சுற்றுலாவே பிரதானம். கட்டிய தொகையில் விமானக் கட்டணத்தின் பெரும்பகுதியும் ஏற்பாட்டு நிறுவனத்தின் பங்கும் ஐரோப்பாவிலேயே தங்கிவிடும். விடுதிக்கு வரும் பங்கிலும், உரிமையாளர் வெளிநாட்டவராக இருந்தால், லாபம் திரும்பப் போய்விடும். விடுதிச் சம்பளம் நீங்கலாக, சாமானியர் கைக்கு நேராக வந்து சேர்வது பயணி தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் டலாசிதான் (காம்பியாவின் நாணயம்). டாக்சி, கோலோலி என்ற கடற்கரைப் பகுதியின் உணவகம், பாத்திக் துணி, மரச்சிற்பம், டிப்ஸ் என்று அது பிரியும்.

கேள்வி: சாப்பாடு, மது எல்லாம் விடுதிக் கட்டணத்திலேயே அடங்கும் ‘ஆல் இன்க்ளூசிவ்’ முறையை அரசு தடை செய்ததாமே?

பதில்: 1999இல் தடை செய்தது, மறு ஆண்டே விலக்கிக்கொண்டது. சாப்பாடும் மதுவும் விடுதிக்குள்ளேயே கிடைத்தால் வாசலைத் தாண்டுவோர் குறைவர் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஏற்பாட்டு நிறுவனங்கள் தம் பயணிகளை வேறு கடற்கரைக்குத் திருப்பிவிட முடியும் என்னும்போது, ஒரு சிறிய நாடு தனியாகப் போட்ட தடை நிலைக்காததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: வியாபாரிகளின் நச்சரிப்பே பயணிகளை உள்ளே முடக்குகிறது என்கிறார்களே?

பதில்: அதில் பாதி உண்மை. கோட்டு (Kotu) என்ற கடற்கரையில் பழச்சாறு பிழிந்து விற்பவர்கள் ஒரு காலத்தில் மணலில் கால் வைத்தவரையெல்லாம் துரத்தினார்கள். விடுதிகள் அவர்களை அண்டவிடவில்லை. அண்டவிடாததால் கிடைத்த ஓரிருவரையும் அவர்கள் விடாமல் பிடித்தார்கள். 2000களின் தொடக்கத்தில் சங்கமாகச் சேர்ந்து, அடையாள அட்டை அணிந்து, நிலையான கடை போட்டு, முறைவைத்து விற்கத் தொடங்கியபின் துரத்தலும் குறைந்தது, வருமானமும் கூடியது. பயணி கஞ்சர் என்று முடிவுகட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: அதே பயணிதான், அதே ஆரஞ்சுதான், நின்று நிதானமாக வாங்க இடம் கிடைத்தது, அவ்வளவே.

கேள்வி: ஜனவரியில் போகிறேன். எங்கே செலவழிப்பது?

பதில்: விடுதிக்கு வரும் நிறுவனப் பிரதிநிதியிடம் உலாவுக்குப் பதிவு செய்தால் அதில் கமிஷன் போய்விடும். அடையாள அட்டை உள்ள உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தி, கச்சிகல்லி முதலைக் குளத்துக்கோ அபுகோ காட்டுக்கோ செல்லுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சில்லறை நோட்டுகளாக டலாசி வைத்திருங்கள்.