எந்த நாட்டுச் சான்றிதழ் எந்தக் கடலில் செல்லும்?

பாய்மரப் படகுப் பயிற்சி குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

சென்னை வாசகர்: கிரீஸில் படகை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்ட ஆசை. பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்டச் சங்கத்தின் படிப்பா, அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. சங்கத்தின் படிப்பா?

கிரீஸ் மட்டும் என்றால் இரண்டில் எதுவும் சரி. ஆர்.ஒய்.ஏ.வில் ‘டே ஸ்கிப்பர்’, ஏ.எஸ்.ஏ.வில் 101, 103, 104 ஆகிய படிகள். முன்பணம் கட்டுமுன் படகை வாடகைக்குத் தரும் நிறுவனத்துக்குச் சான்றிதழின் நகலை அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். படகோட்டத் தெரிந்த இன்னொருவரும் உடன் இருக்கவேண்டும் என்பார்கள்.

உண்மையான வேறுபாடு ஓதத்தில், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதில், இருக்கிறது. சென்னையில் கடல் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்; மத்தியதரைக் கடலில் அதுகூடப் பெரும்பாலும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயிலோ சில நாள்களில் 12 மீட்டரைத் தாண்டும். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சேறுதான் இருக்கும். அதனால்தான் ஆர்.ஒய்.ஏ. தன் டே ஸ்கிப்பர் சான்றிதழில் ஓதமுள்ள கடலில் பயின்றவரா, இல்லாத கடலிலா என்று குறிக்கிறது. என்னைக் கேட்டால், சிரமமான கடலில் படியுங்கள்.

கொச்சி வாசகர்: ‘யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்’ எத்தனை வாரப் படிப்பு?

ஆர்.ஒய்.ஏ.வின் மேல்நிலைச் சான்றிதழான அது படிப்பு அல்ல, தேர்வு. அதற்கு முன்பே 50 நாள், 2,500 கடல் மைல் பயண அனுபவம் கணக்கில் இருக்கவேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால், இல்லை, ஓட்டினால், 8 முதல் 12 மணி நேரம் ஆகும். என் தேர்வில் நள்ளிரவுக்குப் பிறகு என்னைப் படகின் அறைக்குள் அனுப்பித் திரையை மூடிவிட்டார் தேர்வாளர். வரைபடமும் ஆழம் காட்டும் கருவியும் மட்டுமே துணை. “பத்து பாகை வலம்” என்று கீழிருந்து கத்திக் கத்தி ஒரு மிதவையைக் கண்டுபிடித்தேன். வியர்த்தது.

இதற்கு நேர்மாறு, பயணிகளை ஏற்றிச் செல்ல அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் உரிமம். 360 நாள் கடல் அனுபவம் கேட்பார்கள். ஆனால் தேர்வு தாளில்தான், தண்ணீரில் இல்லை.

ஃபிராங்க்ஃபர்ட் வாசகி: ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் ஓட்டலாமா?

படகின் இயந்திரம் 15 குதிரைத்திறனைத் தாண்டினால் கடலுக்கான அரசு உரிமம் கட்டாயம். அதற்கு மேல் எஸ்.கே.எஸ். என்ற கடலோரப் படகோட்டச் சான்றிதழ், 300 கடல் மைல் அனுபவத்தோடு, அது விருப்பம்தான். எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குப் போனால், பாய்மரப் படகை ஓட்ட உரிமமே வேண்டாம்! பிரிட்டனிலும் சொந்த உல்லாசத்துக்குக் கடலில் ஓட்ட எந்தத் தாளும் கேட்பதில்லை. ஆனாலும் நல்ல பள்ளிகள் இந்த இரண்டு நாடுகளில்தான் இருக்கின்றன. பிரான்ஸின் ‘லே கிளெனான்’ 1947 முதல் சொல்லிக்கொடுக்கிறது.

அடையாறு வாசகர்: என் மகளுக்குப் பத்து வயது. எந்தச் சான்றிதழில் தொடங்கலாம்?

எதிலும் வேண்டாம். ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற 2.3 மீட்டர் குட்டிப் படகில் தனியாக உட்கார வையுங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணனும் சென்னைக்காரர்தான். முதல் வாரம் படகு நாலைந்து முறை கவிழும். கரையிலிருந்து கத்தாதீர்கள், நிமிர்த்துவது அவள் வேலை.