பெங்களூரு ஆபீஸை ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) மும்பை மையத்தோடு தனி லைனில் இணைக்க எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஐபி முகவரிகளைத்தான். ஒயிட்ஃபீல்டு ஆபீஸிலும் விபிசியிலும் (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்கள் தனி நெட்வொர்க்) ஒரே 10.0.0.0/16 முகவரித் தொகுப்பு இருந்தால், லைன் வந்த பிறகும் ரூட்டிங் (டேட்டாவைச் சரியான பக்கம் அனுப்புவது) நடக்காது. ஆர்டர் போடும் முன்பே பிரித்துவிடுங்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸின் தனி லைன் சேவையான டைரக்ட் கனெக்டில், உங்களுக்கு மட்டுமான டெடிகேட்டட் போர்ட் 1 ஜிபிபிஎஸ்ஸில்தான் தொடங்கும். அவ்வளவு வேண்டாமென்றால் பார்ட்னர் மூலம் 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து ஹோஸ்டட் இணைப்பு கிடைக்கும்.

பலர் சறுக்கும் இடம் பிஜிபி, அதாவது இரு பக்க ரூட்டர்களும் தங்கள் ரூட்களை (முகவரிகளுக்கான வழிகளை) ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை. பிரைவேட் விஐஎஃப்பில் (லைனின் மேல் விபிசிக்குப் போகும் மெய்நிகர் இணைப்பு) நீங்கள் அறிவிக்கும் ஐபிவி4 ரூட்கள் 100-ஐத் தாண்டினால் கூடுதல் ரூட் மட்டும் விடுபடாது, செஷனே விழுந்துவிடும். கிளை ஆபீஸ் சப்நெட்களை (சிறு முகவரித் தொகுப்புகளை) சுருக்கி ஒரே பிளாக்காக அனுப்புங்கள்.

இரண்டாவது லைன் வேறு டைரக்ட் கனெக்ட் லொகேஷனில், வேறு கேபிள் பாதையில் இறங்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே குழாயில் போகும் இரண்டு ஃபைபரும் சாலை தோண்டும்போது சேர்ந்தே அறுபடும். பட்ஜெட் இடிக்கிறதா? விபிஎன்னை (இன்டர்நெட் வழியே போகும் பாதுகாப்பான இணைப்பு) மாற்றாக வையுங்கள். வழக்கமான விபிஎன் டன்னல் ஒன்று 1.25 ஜிபிபிஎஸ் வரைதான் தாங்கும்.

தனி லைனில் போகும் டேட்டா தானாக என்கிரிப்ட் (பிறர் படிக்க முடியாத குறியீடாக) ஆவதில்லை. அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.