நடுவில் ஏன் அழுக்கு நிறம் வருகிறது?

கேள்வி: காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திண்டிவனம். ‘ஒரு நிறத்தை வைத்து 15 விநாடி மோஷன் கிராஃபிக்ஸ்’ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் விளையும் அவுரிச் செடியின் (இண்டிகோ) நீலத்தை எடுத்துக்கொண்டேன். சாயத்தொட்டியிலிருந்து மஞ்சள்பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டு நீலமாவதுதான் படம். ஆனால் பாதி வழியில் பாசியும் சாம்பலுமாக ஓர் அழுக்கு நிறம் வருகிறது. இங்குள்ள பயிற்சி மையத்தில் கேட்டால், “லேப்டாப் போதாது; ₹60,000 கோர்ஸில் சேருங்கள், சாஃப்ட்வேர் எல்லாம் பென்டிரைவில் தருகிறோம்” என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை.

நீங்கள் முதலில் ஒரு கீஃபிரேம், கடைசியில் ஒரு கீஃபிரேம் வைத்திருப்பீர்கள்; அதாவது, ‘இந்த நொடியில் இந்த நிறம்’ என்று கணினிக்குச் சொல்லும் குறி. கணினிக்கு அவுரியும் தெரியாது, தொட்டியும் தெரியாது. இரண்டு எண்களுக்கு நடுவே சராசரி போடும், அவ்வளவுதான். சிவப்பு 190, பச்சை 200, நீலம் 80 என்பது உங்கள் மஞ்சள்பச்சை என்று வையுங்கள். முடிவில் வரும் அவுரி நிறம், அதே வரிசையில் 30, 50, 110. சரிபாதியில் வருவது 110, 125, 95. அதுதான் அந்தப் பாசிச் சாம்பல். நடுவில் மூன்றாவது கீஃபிரேம் வைத்து 45, 125, 105 கொடுங்கள். மஞ்சள்பச்சை முதலில் நல்ல பச்சையாகி, பிறகு நீலத்துக்குள் இறங்கும்.

இன்னொன்று. ‘இண்டிகோ’ என்று தேடினால் இணையம் தரும் 75, 0, 130 என்ற எண்ணை எடுக்காதீர்கள். அது கத்தரிப்பூ நிறம். சாயம் போட்ட துணியைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணால் பார்த்து எண்ணை அமையுங்கள்.

துணி முழுவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறவும் கூடாது. சாயத்தொட்டி இருக்கும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். காற்று முதலில் படுவது ஓரத்தில்; அங்கேதான் நீலம் தொடங்கும். மடிப்புக்குள் பச்சை கடைசிவரை ஒளிந்திருக்கும், பிரித்தால்தான் மாறும். ஓரத்திலிருந்து உள்ளே நகரும் மாஸ்க் (நிறம் மாற வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துக்காட்டும் மறைப்பு) போட்டால் இது வந்துவிடும். விநாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் 15 விநாடிக்கு 375. முதல் 75 ஃபிரேம் அசையாத மஞ்சள்பச்சை, அடுத்த 200 மாற்றம், மிச்சம் 100 நீலம் மட்டும். அந்தக் கடைசி 4 விநாடியைக் குறைத்துவிடாதீர்கள்.

அந்தப் பென்டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாரம் ஒரு கடிதமாவது இதைப் பற்றி வருகிறது. அதில் இருப்பது பூட்டுடைத்த திருட்டுப் பிரதி. கூடவே வைரஸும் வரலாம். அனிமேஷன் மென்பொருளான பிளெண்டர் முற்றிலும் இலவசம். வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே, மோஷன் கிராஃபிக்ஸ் செய்யும் ஃபியூஷன் பகுதி இருக்கிறது. இரண்டையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவச மென்பொருள் இருக்கும்போது திருட்டுப் பிரதியைக் காட்டிக் காசு வாங்குகிறவர், ‘100% வேலை உறுதி’ என்று பலகையும் மாட்டியிருப்பார். வேலை தருகிறவர் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பதில்லை, நீங்கள் செய்த படத்தைத்தான் போடச் சொல்வார். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி ஒட்டிய வேலையை முதல் 5 விநாடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கல்லூரிகள்மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. நான் தேர்வாளராகப் போன இடங்களில், எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். இரண்டு நிறம் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதைச் சொல்லித் தராததால்தான் நீங்கள் அந்த மையத்தின் வாசலுக்குப் போக நேர்ந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் எண்கள் உதவாது: புரொஜெக்டர். லேப்டாப்பில் ஆழமாகத் தெரியும் 30, 50, 110, கல்லூரி அரங்கில் டியூப்லைட் எரிய, வெள்ளைத் திரையில் விழும்போது வெளிறிய சாம்பலாகிவிடும். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது; திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ, அதைவிட இருட்டான நிறம் அங்கே கிடைக்காது. எனவே காட்டப்போகும் அறைக்கு முந்தின நாளே போய், அந்த நேரத்து வெளிச்சத்திலேயே ஓட்டிப் பாருங்கள். நீலத்தை 50, 85, 165 வரை ஏற்றித் அரங்குக்கென்று தனியாக ஒரு பிரதி ரெண்டர் செய்யுங்கள் (வீடியோ கோப்பாக வெளியெடுங்கள்). ஜன்னலை மூட முடியுமா என்று கேளுங்கள், முன்வரிசை விளக்கையாவது அணைக்கச் சொல்லுங்கள். 30, 50, 110 உள்ள பழைய பிரதியை அழித்துவிட வேண்டாம், செல்போனில் பார்க்க அது வேண்டும். ஆசிரியருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது தரம் குறையாமலிருக்க, வீடியோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.