கால் மைல் கேள்விகள்

போன இதழில் டிராக் ரேஸ், அதாவது நேர்த் தளத்தில் நின்ற இடத்தில் இருந்து கிளம்பி ஓடும் கார் பந்தயம் பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதிவிட்டேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. டீசல் பம்ப் பற்றிக் கேட்டிருந்தவர்கள் மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த முறை. பட்டறையில் கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதியது இது.

கேள்வி: அண்ணே, அமெரிக்காவில் ஆபீஸ் போகிற காரையே டிராக் ஸ்டிரிப்புக்கு (அந்தப் பந்தயம் நடக்கும் தளம்) ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சில பேரை "உன் கார் ரொம்ப வேகம், கிளம்பு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேகமாக ஓடத்தானே அங்கே போகிறார்கள், அப்புறம் என்ன?
- கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: வேகமாக ஓடத்தான் போகிறார்கள் தம்பி. எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்து வண்டியிலும் உடம்பிலும் என்னென்ன மாட்டியிருக்கணும் என்று அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டம் கால் மைல், நம்ம அளவில் 402 மீட்டர். 1951-ல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற டிராக் ரேஸ் அமைப்பின் விதிப்புத்தகத்தைத்தான் அங்கே பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். அந்தப் புத்தகம் காரின் பெயரைப் பார்க்காது, விலையைப் பார்க்காது, கடிகாரத்தைத்தான் பார்க்கும். 13.99 நொடியிலோ அதற்குள்ளோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். 11.49-க்குள் வந்தால் சீட்டுக்குப் பின்னால் ரோல் பார், அதாவது வண்டி உருண்டால் தலையைக் காக்கும் குழாய் வளைவு. 9.99-க்குள் வந்தாலோ மணிக்கு 135 மைலைத் தாண்டினாலோ ஆளைச் சுற்றி முழுக்கூண்டு, அதாவது ரோல் கேஜ், கூடவே அவர்கள் கொடுக்கும் ஓட்டுநர் உரிமம். 150 மைல் என்றால் வண்டிக்குப் பின்னால் பாராசூட்.

இந்தக் கணக்கு எழுதிய காலத்தில் 11 நொடியில் ஓடுகிற கார் என்றால் அது பட்டறையில் பிரித்துப் போட்டு மாசக்கணக்கில் கட்டிய வண்டி. இன்றைக்கு ஷோரூமில் சாவி வாங்கி, மாலை போட்டு, ஏசியும் பாட்டுமாக ஓட்டிக்கொண்டு வருகிற காரே அந்த நேரத்தில் ஓடுகிறது. புதுக் காரின் கூரையை ஓட்டை போட்டுக் கம்பி வை என்றால் யார் வைப்பார்கள்? அதனால் 2008 மாடலில் இருந்து வந்த கார்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். கம்பெனி கொடுத்த ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் அப்படியே இருந்தால் 10.00 நொடி, 135 மைல் வரைக்கும் ரோல் பார் இல்லாமல் ஓடலாம்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2017-ல் டாட்ஜ் கம்பெனி 'டீமன்' என்று ஒரு காரை இறக்கியது. 840 குதிரைசக்தி, 9.65 நொடி. கூண்டு இல்லாத கார் 10 நொடிக்குள் ஓடக்கூடாது என்று என்.எச்.ஆர்.ஏ. கடிதம் எழுத, டாட்ஜ் அந்தத் தடையையே விளம்பரமாக்கிக்கொண்டது. அப்புறம் 2014-லிருந்து வந்த மாடல்களுக்கு 9.00 நொடி, 150 மைல் வரை கதவைத் திறந்துவிட்டார்கள். அப்பாடா என்று உட்காருவதற்குள் 2023-ல் டீமன் 170 வந்து நின்றது. 8.91 நொடி, 151 மைல். ரெண்டு எல்லையையும் மயிரிழையில் தாண்டியிருக்கிறது பாருங்கள், தெரிந்தே செய்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒன்றை மட்டும் மனசில் வை. சலுகை காருக்கு இல்லை, கம்பெனி இடித்து இடித்துச் சோதித்துப் பார்த்த அந்த அமைப்புக்கு. எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றி, பக்கெட் சீட் மாட்டி, எரிகிற ஏர்பேக் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் (ஒட்டுகிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்) நீ பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டாய்.

கேள்வி: டீசல் கார் வைத்திருக்கிறேன், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்தாகிவிட்டது. உள்ளே ரோல் கேஜ் போட ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். பாதுகாப்புக்கும் ஆச்சு, பார்க்கவும் கெத்தாக இருக்கும். போடலாமா?
- வாசகர், வில்லாபுரம்

பதில்: வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ரோல் கேஜ் என்பது இரும்புக் குழாய். ரேஸில் அதற்குள் உட்காருகிறவர் தலையில் ஹெல்மெட், உடம்பை அசையவிடாத பெல்ட், தலைக்கு எட்டுகிற குழாயின் மேல் கெட்டியான பஞ்சுறை, இத்தனையோடு உட்காருகிறார். நீங்கள் தெப்பக்குளம் சிக்னலில் நிற்கும்போது தலையில் என்ன இருக்கும், எண்ணெய் தேய்த்த முடிதான். பின்னால் ஒரு ஆட்டோ லேசாக இடித்தால் போதும், வெறும் தலை போய்க் குழாயில் மோதும், சாதாரண காரில் கழுத்துப் பிடிப்போடு போயிருக்க வேண்டியது அங்கே மண்டை உடைவதில் முடியும். பின் சீட்டில் பிள்ளைகள் வேறு ஏறுவார்கள்.

இன்னொன்று வெல்டிங். போன வருஷம் ஒரு பையன் இப்படி வேறு பட்டறையில் கேஜ் போட்ட காரை என்னிடம் கொண்டுவந்தான். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், தரைத் தகட்டில் நேராகக் குழாயை நிறுத்திப் பொட்டு வைத்த மாதிரி நாலு இடத்தில் பற்ற வைத்திருக்கிறார்கள். கீழே பிளேட் கிடையாது. வண்டி உருண்டால் அந்தக் குழாய் காகிதத்தில் பென்சில் குத்துகிற மாதிரித் தரையைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும், கூரை தலையில் வந்து உட்காரும். அவனிடம் சொன்னேன், முகம் வாடிப்போய்விட்டது, காசு கொடுத்துவிட்டானே. அதுபோக, நம்ம ஊரில் வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும். அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் வாங்குங்கள், பிரேக் பேடு மாற்றுங்கள்.

கேள்வி: ரேஸ் பெல்ட் புதுசு போலவே இருந்தாலும் ரெண்டு வருஷத்தில் தூக்கிப் போடச் சொல்கிறார்களாமே, விற்பதற்கான தந்திரம்தானே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் முதலில் நினைத்தேன். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நைலான் கொடிக்கயிறு கட்டியிருப்பீர்கள். ரெண்டு கோடை போனபின் அதைக் கையில் உருவிப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டும், கொஞ்சம் ஈர வேட்டியைப் போட்டால் பொட்டென்று அறுந்துவிடும். பெல்ட்டின் நாரும் அதே வகையறா, வெயில்தான் எதிரி. கண்ணுக்கு நிறம் லேசாக மங்கியது மட்டும் தெரியும், பலம் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. அதனால்தான் எஸ்.எஃப்.ஐ. (ரேஸ் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) முத்திரை போட்ட பெல்ட்டில் தயாரித்த மாதத்தையும் வருஷத்தையும் குறித்துவிடுகிறார்கள், சோதனை செய்கிறவர் பெல்ட்டில் உள்ள அந்த லேபிளைத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் வாங்கிய தேதியில் இருந்து இல்லை, தயாரித்த தேதியில் இருந்து கணக்கு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள், பாதி ஆயுசு குடோனிலேயே முடிந்திருக்கும்.

தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு போக, தொடைகளுக்கு நடுவே வருகிற ஐந்தாவது பட்டையைக் கூச்சப்பட்டுக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அது இல்லையென்றால் மோதும்போது தோளில் வருகிற பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்து, வயிற்றில் ஏற்றிவிடும். உடம்பு கீழே வழுக்கிப் போகும். எலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடல் தாங்கும்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கார் டிராக்கில் ஓடலாமா?
- வாசகர், தேனி

பதில்: மெதுவான கார்களுக்குச் சில இடங்களில் விடுவார்கள். ஆனால் ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்.ஏ. என்று இருப்பது காருக்கானது, எம் என்று இருப்பது பைக்குக்கானது. காருக்கானதை நெருப்பில் காட்டிச் சோதிக்கிறார்கள், கூண்டுக் குழாயில் இடிப்பது போலவும் இடித்துப் பார்க்கிறார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு அந்த ரெண்டும் இல்லை.

கேள்வி: செருப்பு போட்டு ஓட்டினால் டிராக்கில் விடமாட்டார்களாமே, இதெல்லாம் ஓவராக இல்லையா?
- வாசகர், சோழவந்தான்

பதில்: ஷார்ட்ஸ், வெறும் உடம்பு, செருப்பு மூன்றுக்கும் அனுமதி இல்லை. காருக்குள் இருக்கிற ஜாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கவும் சொல்வார்கள். ஓவர் என்று நானும் சொல்லியிருப்பேன், ஆண்டிப்பட்டிக் கணவாயில் அன்றைக்கு அந்தச் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால். இறக்கத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக் மிதிக்கிறேன், பாதிதான் போகிறது. என்னவென்று புரியவில்லை, மறுபடி மிதித்தால் கரகரவென்று சத்தம். சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் முன்னால் வந்து பிரேக் பெடலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஓரமாக ஒரு மண்மேட்டில் கொண்டுபோய்ச் சாத்தினேன். அப்போது 50 கிலோமீட்டர் வேகம்தான். என் காலில் ரப்பர் செருப்பு, அது வேறு கழன்று பாட்டிலோடு சேர்ந்து கிடந்தது.

ஏசியையும் அணைக்கச் சொல்வார்கள், காரணம் வேறு. ஏசித் தண்ணீர் சொட்டி ஓடுதளம் ஈரமானால், அடுத்து வருகிறவன் வழுக்குவான். ரேடியேட்டரில் கூலன்ட் வேண்டாம், வெறும் தண்ணீர் ஊற்று என்று சில இடங்களில் கேட்பதும் இதனால்தான். கூலன்ட் சிந்தினால் எண்ணெய் கொட்டியது போல, துடைக்க நெடுநேரம் ஆகும். டயரைச் சூடாக்கத் தண்ணீர் தேங்க வைத்திருக்கும் இடத்தையும் சாதா ரோட்டு டயரோடு போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகணும், இல்லையென்றால் டயரின் பள்ளங்களில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்த் தொடக்கக் கோட்டில் கொட்டுவீர்கள்.

கேள்வி: என் மகன் எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறான். 3.8 நொடியில் 100 கிலோமீட்டர் வேகமாம். சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை, பெட்ரோல் காரைவிடப் பாதுகாப்பு என்கிறான். உண்மையா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, கே.கே. நகர்

பதில்: டீச்சர், அந்த 3.8 நொடி பிஒய்டி சீல் காருக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு. நல்ல வண்டி, குறை சொல்லமாட்டேன். ஆனால் சத்தமும் குலுக்கலும் இல்லாததுதான் எனக்குப் பயம். பழைய அம்பாசடர் 80-ஐத் தொட்டாலே கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் கத்திச் சொல்லும், போதும் நிறுத்து என்று. இதில் 140-லும் பூஜை அறை மாதிரி அமைதியாக இருக்கும். வண்டி சொல்லாததைத்தான் டிராக்கில் கடிகாரம் சொல்கிறது. அங்கே மோட்டாரா எஞ்சினா என்று பார்த்து யாரும் தாட்சண்யம் காட்டுவதில்லை. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்ற எலக்ட்ரிக் கார் கால் மைலை 9.3 நொடிக்குள்ளேயே ஓடியிருக்கிறது, எந்தச் சத்தமும் இல்லாமல்.

நீங்கள் கணக்கு டீச்சரா என்று தெரியாது, இருந்தாலும் ஒரு கணக்கு. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் சுமார் 40 மீட்டரில் வண்டி நிற்கும். 217 கிலோமீட்டரில், அதுதான் அந்த 135 மைல், சுமார் 185 மீட்டர் வேண்டும். வேகம் ரெண்டு மடங்கு சொச்சம், தூரம் நாலரை மடங்குக்கு மேல். இதில் பிரேக்கை மிதிக்கலாம் என்று மூளை முடிவெடுக்கிற ஒரு நொடியைச் சேர்க்கவில்லை, அந்த ஒரு நொடியில் 60 மீட்டர் போயிருக்கும். காரும் 2 டன்னுக்கு மேல் எடை. மகனிடம் சொல்லுங்கள், முதல் ஒரு மாசம் அதிலேயே இருக்கிற சாதுவான மோடில் ஓட்டட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் நான்குவழிச் சாலையில் சனிக்கிழமை ராத்திரி பையன்கள் கார் ரேஸ் விடுகிறார்கள். கேட்டால் "நேர் ரோடு, காலியாத்தான் இருக்கு, டிராக் மாதிரிதான்" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
- வாசகர், மேலூர்

பதில்: டிராக்கில் ஓடுவதற்கு 402 மீட்டர் என்றால், கோட்டைத் தாண்டி நிற்பதற்குப் பொதுவாக அதைவிட அதிகமாகவே இடம் விட்டிருப்பார்கள் என்று சொல்லுங்கள். அப்படி விட்டும் 2008-ல் நியூஜெர்சி மாநிலத்து இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற பெரிய ஓட்டுநர் நிற்க இடம் போதாமல் இறந்தார். அதோடு அந்த அசுர வேக வகைகளுக்கு ஓட்டத்தையே 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், தயாராக ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி. உங்கள் ரோட்டில் சென்டர் மீடியன் இடைவெளியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் குறுக்கே வரும், எனக்கே ஒரு தடவை வந்தது.

கேட்காவிட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள். ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை, 10,000 வரை.

நிஜமாகவே ஆசை இருக்கிறவனைத் திட்டி விரட்டாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் முறையான ரேஸ் தளங்கள் இருக்கின்றன. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற நம்ம நாட்டு மோட்டார் ரேஸ் அமைப்பின் உரிமம் எடுத்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டிவிட்டுப் போட்டியில் இறங்கலாம். முதலில் பார்க்க மட்டும் போகட்டும். போகிறவன் ஷூ போட்டுக்கொண்டு போகட்டும்.